காதுக்கு இதமான ஹெட்போன்

சகோதரிகளே! பயான், சிறுவர் கதை என்று வீட்டிலிருந்தே மடிக்கணினியில் ஒலித்தொகுப்புச் செய்பவரா நீங்கள்? அப்படியானால் ஹெட்போனைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள்.

நீண்ட நேர வேலைக்குப் பின்புறம் திறந்த வகை நல்லது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய வகை இது. வெளிப்பக்கம் வலைபோல் இருப்பதால் காது அதிகம் வியர்க்காது. குரலும் இயல்பாக ஒலிக்கும். பிள்ளை அழுதாலும், பாங்கு சொன்னாலும் உங்களுக்குக் கேட்கும்.

ஆனால் ஒலி வெளியேயும் கசியும். ஆகவே மைக்கில் குரல் பதியும்போது மூடிய வகையையே அணியுங்கள்.

வாங்கும்போது காதை முழுதாகச் சூழும் மென்துணி மெத்தை உள்ளதா, எடை 250 கிராம் அளவில் உள்ளதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதனுடனேயே சற்று நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டியில் 'ஓம்' அளவையும் வாசியுங்கள். 32 முதல் 50 வரை என்றால் மடிக்கணினிக்குப் பொருந்தும். 250, 300 என்றால் பெரும்பாலும் தனியாக அம்ப்ளிஃபயர் தேவைப்படும்.

வீட்டில் இரைச்சல் கூடினால் ஒலியைக் கூட்டாதீர்கள். வேலையைச் சற்று ஒத்திவையுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செவிப்புலன் அல்லாஹ் தந்த அமானிதம், அதைப் பேணிக்கொள்வோம்.