இணைய இணைப்பு அடிக்கடி அறுந்தால் பழுதைக் கண்டறியும் முறை

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இல்லையென்றால் கடையை அடைத்துவிட்டு இரவில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வழக்கம். ஆகவே வீட்டுக்கென்று வாங்கிய இணைய இணைப்பிலேயே வியாபாரமும் ஓடுகிறது. பிள்ளைகள் படம் பார்க்கும்போது அது நின்றால் வீட்டில் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். லாரியில் சரக்கு ஏறி, தார்ப்பாய் கட்டி முடித்து, பில் எடுக்கும் நேரத்தில் நின்றால் வண்டிக் காத்திருப்பும் ஆள் கூலியும் நம் தலையில் விழும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர், மற்ற வணிகருக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருப்பது யாவரும் அறிந்ததே.

இணைப்பு சரியில்லை என்றவுடன் அன்பர்கள் சொல்வது இரண்டு. ஒன்று, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான். மற்றொன்று, பெட்டி பழசாகிவிட்டது. இரண்டும் விசாரணை இல்லாமல் சொல்லும் தீர்ப்பு. மூட்டையில் எடை குறைந்தால் மில்லில் குறைந்ததா, வழியில் சிந்தியதா, நம் கிட்டங்கியில் எலி தின்றதா என்று பார்த்துவிட்டுத்தானே சண்டைக்குப் போகிறோம்? இங்கும் அதே முறைதான். தெருவிலிருந்து வரும் கம்பி, அதை வாங்கும் பெட்டி, பெட்டியிலிருந்து நம் போனுக்கும் கணிப்பொறிக்கும் காற்றில் வரும் வைஃபை என்று வழி மூன்று பகுதி. எந்தப் பகுதியில் குறை என்று தெரியாமல் ஒரு ரூபாயும் செலவு செய்ய வேண்டாம்.

முதலில் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். இப்போது பெரும்பாலும் பைபர் இணைப்புத்தான். தலைமுடி அளவுள்ள கண்ணாடி இழையில் ஒளி வருகிறது; பெட்டி அதை மாற்றித் தருகிறது. எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியைப் பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டும் பயனில்லை. பெட்டிக்குப் பின்னால் கம்பி மடங்கியிருக்கிறதா, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா, பச்சைத் தலை உள்ள முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கம்பி மின்சார ஒயர் மாதிரி அல்ல. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். சுற்றி வைப்பதானால் டீ கிளாஸ் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுற்ற வேண்டும். முனையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்ப்பதோ வேட்டி நுனியால் துடைப்பதோ கூடவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் கண்ணுக்குக் கேடு.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தால் வெளியே போய்க் கம்பத்தைப் பாருங்கள். நம் கடைத்தெருக்களில் உயரமாக மூட்டை அடுக்கி வரும் லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடக்கிற காரியம். பி.ஓ.என். என்ற விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கம்பெனியின் கருவி நம் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். அது அவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

பழுது பார்க்க ஆள் வந்தால் ஒளியின் அளவு என்ன என்று கேளுங்கள். அவரிடம் உள்ள மீட்டர் மைனஸ் குறியோடு ஓர் எண் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நன்று. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழைக்கும் காற்றுக்கும் இணைப்பு அறுந்து அறுந்து வரும். 3 எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தும் இணைப்பு வந்து வந்து போகிறதா? அப்போது வைஃபையை விட்டுவிட்டு, கணிப்பொறியை லேன் ஒயரில் நேராகப் பெட்டியோடு இணையுங்கள். ஒயரில் நன்றாக ஓடி, போனில் மட்டும் தடுமாறினால் குறை காற்றில். கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை. ஒயரிலும் தடுமாறினால் கணிப்பொறி தெரிந்த பையனைக் கூப்பிட்டு 'பிங்' போடச் சொல்லுங்கள். ஒரு ஜன்னலில் பெட்டியின் எண்ணுக்கு (பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1), மற்றொரு ஜன்னலில் வெளியுலகத்துக்கு, அதாவது 8.8.8.8 என்ற எண்ணுக்கு. இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பெட்டியிலிருந்து ஒழுங்காகப் பதில் வந்து, வெளியிலிருந்து மட்டும் பதில் அறுபட்டால் பழுது தெருப்பக்கம். பெட்டியே பதில் சொல்லத் திணறினால் பழுது பெட்டியில் அல்லது லேன் ஒயரில். இந்த ஒரு சோதனை ஒன்பது வாக்குவாதத்தைத் தீர்த்துவைக்கும்.

லேன் ஒயருக்குள் எட்டு இழைகள் உண்டு. நான்கு இழை நன்றாக இருந்தாலே 100 மெகாபிட் வேகம் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் எட்டும் வேண்டும். 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியும் 95-க்கு மேல் ஏறவில்லை என்றால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள். பருப்பும் அரிசியும் இருக்கும் இடத்தில் ஒயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோவதே நல்லது.

இனி வைஃபை. மளிகைக் கடைக்காரருக்கு இதில்தான் தொல்லை அதிகம். இரும்பு இந்த அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீரும் ஈரமும் அதை உறிஞ்சிவிடும். நம் கடையில் இருப்பதோ எண்ணெய் டின், இரும்பு ரேக், பிரிட்ஜ், அரிசி மூட்டை. எங்கள் வீதியில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவருக்கு ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னால் மட்டும் இணைப்பு கெட்டுப்போகும். பண்டிகை முடிந்ததும் தானாகச் சரியாகும். கூட்ட நேரத்தில் கம்பெனிக்காரர்கள் குறைத்து விடுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டி, புதுப் பெட்டியும் வாங்கிவிட்டார். காரணம் வேறு. பெட்டி மாடிப்படிக்கு அடியில். பில் போடும் மேசை முன்பக்கம். நடுவில் பண்டிகைச் சரக்கு, கூரை வரை டின் அடுக்கு. பெட்டியை எடுத்து மேசைக்கு நேர் மேலே, ஆள் உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டினோம். அதோடு தீர்ந்தது. பெட்டியை அலமாரிக்குள் பூட்டி வைப்பதும் பீரோ உச்சியில் பழைய சாமானோடு போடுவதும் வேண்டாம்.

ஒரே பெட்டி இரண்டு பெயரில் வைஃபை தரும். 2.4 என்பது தூரம் போகும். ஆனால் பக்கத்துக் கடைகள் எல்லாம் அதிலேயே இருப்பதால் நெரிசல். அதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் எது காலியோ அதை வைக்கச் சொல்லுங்கள். 5 என்பது வேகமானது. இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பில் கணிப்பொறியை எதிலும் நம்பாமல் ஒயரில் போடுவதே எங்கள் யோசனை.

கரண்ட் விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. பல்பு ஒரு முறை சிமிட்டினால் நமக்குப் பெரிதில்லை. பெட்டியோ அணைந்து மறுபடி எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். இன்வர்ட்டருக்கு மாறும் நொடியிலும் இதே கதி. பெட்டிக்கென்றே 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். கிடைக்கிறது, உங்கள் பெட்டியின் வோல்ட் அதுதானா என்று அடாப்டரில் பார்த்து வாங்குங்கள். அடாப்டர் மாற்றினால் வோல்ட் அதே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த பெட்டி மதியத்துக்கு மேல் தடுமாறினால் அது சூட்டினால்தான். பெரும்பாலான பெட்டிகள் 40 டிகிரி வரைக்கும் என்று செய்தவை.

ஓர் எச்சரிக்கை. அணைத்துப் போடுவது வேறு. பெட்டியில் உள்ள சிறு துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தும் 'ரீசெட்' வேறு. பின்னதைச் செய்தால் கம்பெனி உள்ளே பதிந்து வைத்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். ஆள் வரும்வரை கடை இருட்டுத்தான்.

வேகம் போதவில்லை, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று விற்பனையாளர் வந்தால் அவசரப்பட வேண்டாம். பில் பதியவும் வங்கிக் கணக்குப் பார்க்கவும் மிகக் குறைந்த வேகமே போதும். நமக்கு வேண்டியது அறுபடாத இணைப்பு. அறுபடும் கம்பியில் 100-ஐ 300 ஆக்கினால் 300-ம் அறுபடும். இரவு 7 மணி முதல் 10 மணி வரை மட்டும் மந்தமாகி, பகலில் சரியாக இருந்தால் காரணம் வேறு: ஒரே இழையை 32 அல்லது 64 இணைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு நம் வீட்டில் வைத்தியம் இல்லை. நேரத்தைக் குறித்துப் புகார் செய்யத்தான் வேண்டும்.

யு.பி.ஐ. பற்றியும் ஒரு சொல். நம் இணைப்பு நின்றாலும் வாடிக்கையாளர் தம் போனிலிருந்து அனுப்பும் பணம் நம் வங்கிக்கு வந்துவிடும். வந்தது நமக்குத் தெரியாது, அவ்வளவே. ஆகவே அவரிடம் சண்டை வேண்டாம். வேறு கம்பெனி சிம் உள்ள போனில் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அந்த இரண்டாவது சிம் அவசரத்துக்கு பில் எடுக்கவும் உதவும்.

பழுது தெருப்பக்கம் என்று உறுதியானால் புகார் செய்யுங்கள். போனில் சத்தம் போட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். 2012-ம் ஆண்டின் டிராய் விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும். அந்தப் பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். இதற்கென்று ஒரு நோட்டு வைத்து, இந்த விதமாக எழுதி வாருங்கள்: 'தேதி, காலை 11.20 முதல் 11.45 வரை இணைப்பு இல்லை. எல்.ஓ.எஸ். விளக்கு அணைந்தே இருந்தது. ஒயரில் சோதித்தோம், பெட்டி பதில் தந்தது, வெளியே பதில் இல்லை. புகார் எண் இது. வந்த ஆள் காட்டிய ஒளி அளவு மைனஸ் 26.'