காற்றைக் குடித்து இறுகும் ஓவியம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட, ஆளுயரக் கித்தானைத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. சூரியன் கடலுக்கு மேலே வந்த சற்று நேரத்தில் செம்மை வெளுத்துவிடும். 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தின் நிழலும் இடம் மாறிவிடும். அதனால் வெளியில் தீட்டுகிறவர்கள் நோட்டுப் புத்தக அளவு அட்டையே போதும் என்று கிளம்புகிறார்கள். அந்த நேரத்து ஒளி சிக்கினால் சரி, மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஃபிரடெரிக் சர்ச் இப்படிப்பட்ட சிறு படங்களை நூற்றுக்கணக்கில் தீட்டியவர். எக்வடோரின் எரிமலைகளுக்கும் வட அட்லாண்டிக்கின் பனிப்பாறைகளுக்கும் நேரில் போய் வரைந்து வந்து, அவற்றைப் பார்த்துப் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். வண்ணத்தை வெளியே எடுத்துச் செல்வதை எளிதாக்கியவர் இன்னொரு அமெரிக்க ஓவியர், ஜான் காஃப் ராண்ட். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். ஊசியால் குத்தித் திறந்தால் மிச்சம் கெட்டியாகிவிடும். ராண்ட் 1841இல் வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். பிதுக்கி எடுத்து மூடியைத் திருகினால் காற்று உள்ளே போகாது.

காற்றுக்கு ஏன் அவ்வளவு பயம்? எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. நிறப்பொடியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. காற்றின் ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்கும்போது பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகப் பின்னி இறுகுகின்றன. ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதால், இறுகத் தொடங்கும் எண்ணெயின் எடை கூடுகிறது! அப்போது வெப்பமும் வெளிப்படும். ஆளி எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

இதே வேதியியல் நம் சமையலறையிலும் நடக்கிறது. நல்லெண்ணெய்ப் புட்டியின் வெளிப்புறத்தில் வழிந்தது, நாளாக ஆகக் கையில் ஒட்டும் பிசுக்காகிறது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதில் குழைத்த வண்ணம் மாதக்கணக்கில் கிடந்தாலும் இறுகாது. ஆளி எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தால் சில நாளில் தொட்டுப் பார்க்கலாம். தடித்த பூச்சு மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சிறு படங்களை மெல்லிதாகத் தீட்டுவதில் இந்த வசதியும் உண்டு.

எண்ணெய் வண்ணத்தோடு புதுச்சேரிக்குப் பழைய தொடர்பு இருக்கிறது. 1920 முதல் இங்கேயே தங்கிய, அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னை, இளம் வயதில் பாரிசின் ஜூலியன் அகாதெமியில் ஓவியம் பயின்றவர்.

வீட்டில் எண்ணெய் ஓவியம் இருந்தால் துணியில் சுற்றிப் பரணில் போடாதீர்கள். இருட்டில் ஆளி எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு குறையும். நேர் வெயில் படாத, ஈரம் ஏறாத சுவரில் மாட்டுங்கள். ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டாம்.