தராசு சொல்வதும் உடல் சொல்வதும்

உணவைக் குறைத்து உடலை இளைக்கச் செய்ய முயல்வோரை இன்று நகரத்தில் மட்டுமன்றி, காரைநகர் போன்ற தீவகத்து ஊர்களிலும் காண்கின்றோம். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் நம்மிடையே பெருகிவிட்டமையால், நிறையைக் குறைக்கும்படி வைத்தியர் கூறுகின்றார். கூறியதைக் கேட்டவர் சோற்றைக் குறைக்கின்றார், சீனியை விடுகின்றார், உண்பதையெல்லாம் கலோரிக் கணக்கில் எழுதி வைக்கின்றார். ஒரு தராசும் வாங்குகின்றார். குழப்பம் அங்கேதான் தொடங்குகின்றது.

திங்கட்கிழமை காலையில் 72.4 கிலோ காட்டிய தராசு, செவ்வாய்க்கிழமை 71.9 காட்டுகின்றது. உள்ளம் மகிழ்கின்றது. புதன்கிழமை அதே தராசு 73.0 என்கின்றது. மூன்று நாளும் கணக்குத் தவறாமல் உண்டவர் திகைக்கின்றார். கணக்குப் பொய்யா, தராசு பொய்யா, அல்லது தம் உடலே தம்மை ஏமாற்றுகின்றதா என்று அவர் ஐயுறுகின்றார். இரண்டு வாரம் இவ்வாறு அலைக்கழிந்தபின், 'என் உடல்வாகு இப்படித்தான்' என்று முயற்சியையே கைவிட்டுவிடுகின்றார். நீரிழிவுக்கு அஞ்சித் தொடங்கிய ஒருவர் இவ்வாறு கைவிடுவது சிறிய இழப்பன்று. ஆகவே தராசின் முள் ஏன் இவ்வாறு ஆடுகின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மனித உடலைத் தராசில் வைத்து ஆராய்ந்த முன்னோடி ஒருவரை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். 1561ஆம் ஆண்டிற் பிறந்த சந்தோரியோ என்பவர் இத்தாலி நாட்டின் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். அவர் ஒரு பெரிய துலாக்கோலிலிருந்து நாற்காலியொன்றைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து உண்பார். தம் உடலையும், உண்ட உணவையும், பருகிய நீரையும், உடலினின்று வெளியேறிய கழிவுகளையும் பல்லாண்டுகளாக நிறுத்து வந்தார். 1614ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் ஒரு வியப்பான செய்தியைக் கூறிற்று. நாளொன்றுக்கு எட்டு இறாத்தல் உணவும் நீரும் உட்கொண்டால், அவற்றுள் ஏறக்குறைய ஐந்து இறாத்தல் கண்ணுக்குப் புலப்படாமலே உடலைவிட்டு நீங்கிவிடுகின்றது என்பதே அது. தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் நாம் இடையறாது நீரை இழந்துகொண்டிருக்கின்றோம் என்னும் உண்மைக்கு இவ்வாராய்ச்சி வழிகாட்டிற்று. நம் நிறை ஒரு நாளில் ஒரே அளவில் நிற்பதில்லை என்பது நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்ட செய்தி என்க.

கலோரிக் கணக்கு அதன் பின்னர் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் இலவோசியே, உயிர்கள் மூச்சுவிடுவது ஒருவகை மெதுவான எரிதலே என்று காட்டினார். அமெரிக்க அறிஞர் அற்வாற்றர் 1890களில் மனிதர் உள்ளே தங்கக்கூடிய ஓர் அறையையே கலோரிமானியாக அமைத்து, உணவின் ஆற்றலையும் உடல் செலவிடும் வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பமே உணவுக் கணக்கில் நாம் கூறும் கலோரி. ஒரு கிராம் மாப்பொருளிலும் புரதத்திலும் ஏறத்தாழ 4 கலோரியும், கொழுப்பில் 9 கலோரியும் உண்டென இன்று நாம் வழங்கும் எண்கள் அவருடைய ஆராய்ச்சியின் பயனே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். உடலிற் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு கிலோ குறைய வேண்டுமாயின், ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். ஒருவர் தமது தேவையிலும் நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக உண்கின்றார் என்று கொள்வோம். அது எளிதன்று, நாளாந்தம் ஒரு வேளை உணவையே விடுவதற்கு ஒப்பானது. அவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் அவர் ஒரு நாளில் இழக்கும் கொழுப்பு ஏறத்தாழ 65 கிராம் மட்டுமே. வீட்டுத் தராசுகளிற் பல 100 கிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டுவதேயில்லை. மறுபுறத்தில், ஒரு கோப்பைச் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் உட்கொண்ட மாத்திரத்தில் நிறை முக்கால் கிலோ ஏறிவிடுகின்றது. ஒரு லீற்றர் தண்ணீரில் கலோரி ஒன்றுமில்லை. எனினும் அதன் நிறை ஒரு கிலோ. தராசுக்குக் கொழுப்பும் நீரும் ஒன்றே. அது கூட்டுத் தொகையை மட்டும் சொல்லும்; அதன் பிரிவுகளைச் சொல்லாது.

இந்நீர் உடலில் ஏன் கூடியும் குறைந்தும் நிற்கின்றது? காரணங்கள் பல. அவற்றுள் நம் ஊருக்கு மிக நெருங்கியது உப்பு. நம் குருதியில் ஒரு லீற்றருக்கு ஒன்பது கிராம் உப்புக் கரைந்தாற் போன்ற செறிவை உடல் விடாது காத்து வருகின்றது. வழக்கத்திலும் அதிகமாக உப்பை உட்கொண்டால், அச்செறிவு மாறாதிருக்கும் பொருட்டு நீரையும் உடல் கூடவே நிறுத்திக்கொள்ளும். சிறுநீரகங்கள் அம்மிகுதியை வெளியேற்ற ஒன்றிரண்டு நாட்கள் செல்லும். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் பொரித்த மோர் மிளகாயும் கலோரிக் கணக்கிற் பெரிதாகத் தோன்றமாட்டா. ஆயினும் மறுநாட் காலையில் தராசை ஏற்றிவிடும். செவ்வாய்க்கிழமை இரவு ஒடியற் கூழ் பருகியவர் புதன்கிழமை ஒரு கிலோ கூடி நிற்பது கொழுப்பினால் அன்று. கூழில் இட்ட உப்பினாலும் கருவாட்டினாலும் தங்கிய நீரினாலேயே.

இரண்டாவது காரணம் மாப்பொருள். நாம் உண்ணும் சோறும் பிட்டும் இடியப்பமும் குளுக்கோசாக மாறி, அதன் ஒரு பகுதி ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் வடிவிற் சேமிக்கப்படுகின்றது. இச்சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ வரை இருக்கலாம். அதன் ஒவ்வொரு கிராமும் தன்னுடன் மூன்று கிராம் அளவு நீரையும் பிடித்து வைத்திருக்கும். ஆகவே சோற்றைத் திடீரெனக் குறைத்தவர் முதல் வாரத்திலேயே ஒன்றரை அல்லது இரண்டு கிலோ குறைந்துவிட்டதாகக் காண்கின்றார். அது பெரும்பாலும் இச்சேமிப்பும் அதனோடு சென்ற நீருமேயன்றி வேறன்று.

கந்தசட்டி விரதத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு நாட்கள் பாலும் பழமுமாக இருந்தவர், இறுதி நாளில் தராசில் ஏறி, மூன்று கிலோ இறங்கிவிட்டது என்று வியக்கின்றார். பாரணை முடிந்து இரண்டு நாள் சோறுண்டதும் இரண்டு கிலோ திரும்பிவிடுகின்றது. 'ஆறு நாள் பட்ட பாடு இரண்டு நாளிற் போயிற்றே' என்று அவர் வருந்துகின்றார். அவ்வருத்தம் வேண்டாதது. இரண்டு நாளில் இரண்டு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமாயின், தேவைக்கு மேல் 15,000 கலோரிக்கு அதிகமாக அவர் உண்டிருத்தல் வேண்டும். எத்துணை பெரிய பந்தியிலும் அது இயலாத காரியம். போனதும் வந்ததும் பெரும்பாலும் நீரே. விரதத்தின் பயனை வேறிடத்தில் தேடலாம். தராசில் தேடுவது முறையன்று.

மற்றைய காரணங்களைச் சுருக்கமாகக் கூறலாம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவரின் தசைகள் நோவெடுத்திருக்கும் நாட்களில் சிறிது நீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் உடலில் நீர் மிகுவது இயல்பு. மலச்சிக்கலும் தராசில் தெரியும். வெயிலில் வியர்க்க உழைத்தவர் மாலையில் ஒரு கிலோ குறைந்திருப்பார். தண்ணீர் குடித்ததும் அது மீளும்.

நல்ல தண்ணீர்க் கிணற்றின் அருமையைக் காரைநகர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரையும் கிணற்று நீர் இறங்கிக்கொண்டே செல்கின்றது. ஆயினும் பகலில் இறைத்த கிணறு இரவில் ஊறி, விடியற்காலையிற் சற்று உயர்ந்து நிற்கும். நேற்று மாலையில் அளந்து இன்று காலையில் அளப்பவன், கோடையிலே கிணறு பெருகுகின்றது என்று கூறுவான். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், இறைக்குமுன் அளந்து, வாரத்தை வாரத்தோடு ஒப்பிடுபவனே நீர் உண்மையாக எவ்வளவு இறங்கிற்று என்பதை அறிவான். உடலை அளக்கும் முறையும் இதுவே.

நாள்தோறும் காலையில், மலசலம் கழித்தபின், ஒன்றும் உண்ணாமலும் பருகாமலும், ஒரே வகையான மெல்லிய உடையுடன், ஒரே தராசில் நிறுக்க வேண்டும். தராசு சமமான சீமெந்துத் தரையில் இருத்தல் வேண்டும். பாயின் மேலோ விரிப்பின் மேலோ வைத்தல் ஆகாது. ஏழு நாள் எண்களையும் கூட்டி ஏழாற் பிரித்துச் சராசரி காண வேண்டும்.

முதலிற் கூறியவரின் கணக்கையே எடுப்போம். முதல் வாரம் அவர் நிறை 72.4, 71.9, 73.0, 72.6, 72.1, 72.8, 72.2 என்று அமைந்தது. இரண்டாம் வாரம் 71.8, 72.5, 71.6, 72.3, 72.0, 71.4, 72.1 என்று அமைந்தது. இரண்டு செவ்வாய்க்கிழமைகளை மட்டும் ஒப்பிட்டால் அவர் 600 கிராம் கூடியிருக்கின்றார். சராசரிகளை ஒப்பிட்டாலோ, முதல் வாரம் 72.43, இரண்டாம் வாரம் 71.96. ஏறக்குறைய 470 கிராம் குறைந்திருக்கின்றார். நாளொன்றுக்கு 500 கலோரி வீதம் ஏழு நாளுக்கு நாம் எதிர்பார்த்த குறைவு 455 கிராம். கணக்கும் பொய்யன்று, தராசும் பொய்யன்று, ஒரு நாள் எண்ணை ஒரு வாரத்துச் செய்தியாகப் படித்ததே பிழை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பின் சுற்றளவையும் நாடாவால் அளந்து எழுதி வைப்பது மேலும் தெளிவு தரும்.

மூன்று நான்கு வாரச் சராசரியும் அசையாது நிற்குமாயின், அப்போது நீரைக் குறை கூறுதல் தகாது. கலோரிக் கணக்கையே நேர்மையாக மீண்டும் பார்க்க வேண்டும். தாளிக்க ஊற்றிய எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. கறியிற் சேர்த்த முதற்பால், நான்கு வேளைத் தேநீரின் சீனி, பிள்ளைகள் மீதம் வைத்ததை வீணாக்காமல் உண்டது ஆகியன பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. உடல் இளைக்க இளைக்க அதன் தேவையும் குறைகின்றது என்பதையும் மறத்தல் ஆகாது.

தராசை மட்டும் நம்புவதால் நேரும் தீங்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். தாமே முன்வந்த அவர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து, தம் நிறையில் ஏறக்குறைய காற்பங்கை இழந்தனர். பலருக்குக் கணுக்கால்களில் நீர்கோத்து வீங்கிற்று. உடல் உள்ளே மெலிந்த அளவைத் தேங்கிய நீர் ஓரளவு மறைத்தது. அளவு கடந்த பட்டினி உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே நலிவிக்கும் என்பதை அவ்வாராய்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

ஆதலால் தராசை இறக்குவதற்காகத் தண்ணீரை மறுப்பதும், பேதி மருந்து அருந்துவதும், வைத்தியரைக் கேளாமல் சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளை விழுங்குவதும் அறியாமை. அவற்றால் ஒரு கிராம் கொழுப்பும் குறையாது. சிறுநீரகமும் இதயமுமே துன்புறும். நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்போர் வைத்தியரின் ஆலோசனையின்றி உணவைக் குறைத்தால், குருதியிற் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். கருவுற்ற தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இக்கணக்குக்கு உட்பட்டவர் அல்லர். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடி, கால் வீக்கமோ மூச்சு முட்டுதலோ தோன்றினால், அது இதயமோ சிறுநீரகமோ விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். முயலாமலே நிறை தொடர்ந்து குறைவதும் அவ்வாறே. இவ்விரண்டிலும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

குறையும் கொழுப்பு எங்கே போகின்றது என்று சிலர் வினவுவதுண்டு. 2014ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் கணக்கிட்டுக் காட்டியபடி, பத்துக் கிலோ கொழுப்பு முற்றாக எரியும்போது 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சு வழியே வெளியேறுகின்றது; எஞ்சிய 1.6 கிலோ நீராகின்றது. நாம் அறியாமலே, மூச்சுக்கு மூச்சு, மிகச் சிறிய அளவில் அது நிகழ்கின்றது. அவ்வளவு மெதுவாக நடைபெறும் ஒன்றை நாளுக்கு நாள் காண விழைவது பொறுமையின்மையேயாகும்.

உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்க என்னும் நெறியை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்துள்ளார். அந்நெறிக்குத் துணையாகத் தராசைக் கொள்ளுங்கள். ஒவ்வொரு காலையும் அது காட்டும் எண்ணை ஏட்டில் எழுதிவிட்டு, மகிழ்ச்சியுமின்றி வருத்தமுமின்றி அன்றைய அலுவலைப் பாருங்கள். வாரம் முடிந்ததும் சராசரியைக் கண்டு, அதைக்கொண்டு மட்டுமே முடிவு செய்யுங்கள்.