பட்டை சேர்த்தால் பாரம் தாங்கும், பிரேக் தாங்குமா? கொல்லிமலை பிக்கப் வண்டிகளின் கதை

சாயங்காலம் ஆபீசு விட்டு வருகிறவர்கள், பஸ் ஸ்டாண்டு வாசலில் உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய அன்னாசிப்பழத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்.

அது கொல்லிமலைப் பழமாக இருந்தால், சாதாரணமாக வந்த பழம் அல்ல. 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்த பழம்!

அதை இறக்கிக்கொண்டு வந்தது பெரிய லாரி அல்ல. மலைவாசிகளின் கை, கால், தோள் எல்லாமாக இருக்கும் பிக்கப் வண்டி.

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை அருவி என்று சுற்றுலாக்காரர்களுக்கு ஆயிரம் உண்டு.

மலையில் குடியிருக்கும் விவசாயிக்கு ஒரே கவலைதான். விளைந்ததைக் கீழே இறக்கியாக வேண்டும்.

விடியும் முன்பே

மிளகு, காப்பிக்கொட்டை, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளிக் கிழங்கு. இவைதான் மலையின் செல்வம். சாலை வருவதற்கு முன்பு எல்லாம் தலைச்சுமைதான்.

இன்று விடியும் முன்பே சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் பிக்கப் வண்டிகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. பனியில் ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டும்.

காரவள்ளி அடிவாரம் வரை வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. நீளமான லாரி என்றால் ஒரே திருப்பில் திரும்பாது. முன்னே போய், பின்னே வந்து, எதிரே வருகிறவனை நிறுத்தி வைத்துத்தான் திருப்ப வேண்டும். பிக்கப் வண்டி ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். மலை அதைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் இதுதான்.

குட்டி யானையும் அண்ணன்மாரும்

2005-ல் டாட்டா கம்பெனி 'ஏஸ்' என்ற சின்ன வண்டியை இறக்கியது. இரண்டே சிலிண்டர். முக்கால் டன் பாரம். தமிழ்நாட்டு ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை! கம்பெனி வைத்த பெயர் பலருக்கு மறந்தே போனது.

2011-ல் அசோக் லேலண்டு 'தோஸ்த்' வந்தது. ஓசூரில் தயாராகும் வண்டி. ஒன்றே கால் டன் பாரம்.

மலைக்காட்டு வேலைக்கு இவற்றின் அண்ணன், மகிந்திரா பொலிரோ பிக்கப். இரண்டரை லிட்டர் டீசல் என்ஜின். சுமார் 75 குதிரைத்திறன். மாடலுக்கு ஏற்ப 1.7 டன் வரை பாரம் ஏற்றலாம். பின்பக்கம் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்.

இதை அமெரிக்காவின் பெரிய பிக்கப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

அங்கே 'போர்டு எப்' வரிசை பிக்கப்தான் 1977 முதல் விற்பனையில் முதலிடத்தில் இருக்கும் டிரக். அதில் எப்-150 என்ற மாடலின் நான்கு கதவு வண்டி 19 அடிக்கு மேல் நீளம். பக்கக் கண்ணாடிகளை மடக்கினாலும் ஆறரை அடிக்கு மேல் அகலம். இப்போது வருபவை 300 குதிரைத்திறனுக்கும் மேல்.

ஆனால், தொட்டியில் ஏற்றும் பாரம்? பெரும்பாலான மாடல்களில் ஒரு டன் அல்லது அதற்கும் கீழே! டிரெய்லர் இழுப்பதில் அவன் கெட்டிக்காரன். முதுகில் சுமப்பதில் நம்ம ஊர் 75 குதிரை அவனை முந்திவிடுகிறது.

அந்த 19 அடி வண்டியைக் கொல்லிமலை வளைவில் கொண்டுவந்து நிறுத்தினால், லாரிக்காரர் படும் பாட்டை அவனும் படுவான்.

கோழியால் வந்த வரி

அமெரிக்காக்காரர்கள் ஏன் சின்ன பிக்கப்பை வெளிநாட்டில் இருந்து மலிவாக வாங்கவில்லை? நாமக்கல்காரர்களுக்குப் பிடித்த பதில் ஒன்று உண்டு. கோழி!

1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறி மீது வரியைக் கூட்டின. பதிலுக்கு அமெரிக்கா 1964-ல், வெளிநாட்டில் இருந்து வரும் சின்ன டிரக்குகள் மீது 25 சதவீத வரி போட்டது. 'கோழி வரி' என்றே அதற்குப் பெயர். கோழிச் சண்டை அடங்கிய பிறகும் அந்த வரி அரை நூற்றாண்டைத் தாண்டி நீடித்தது. உள்ளூர் பெரிய பிக்கப்புக்கு அது ஒரு வேலி ஆயிற்று.

அங்கே வண்டியின் உருவத்தை வரி தீர்மானித்தது என்றால், இங்கே அதைத் தீர்மானிப்பது மலைச் சாலையும் நாமக்கல் பட்டறையும்.

பட்டறையில் பிறக்கும் வண்டி

லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடு முழுவதும் பெயர். வெறும் சேசிசாக வரும் வண்டி, பட்டறையில் பாடி கட்டி, பெயிண்டு அடித்து, மாப்பிள்ளை போல வெளியே போகும். பிக்கப் வண்டிக்கும் அதே கைராசிதான்.

தொட்டித் தரைக்கு முண்டு முண்டாக இருக்கும் இரும்புத் தகடு. வாழைத்தார் சரியாமல் இருக்கப் பக்கவாட்டில் குழாய்க் கம்பி அடைப்பு. தார்ப்பாய் போட வளைவுக் கம்பி. கயிறு கட்டக் கொக்கி. கேபினுக்கு மேலே கேரியர்.

பிறகு அலங்காரம். முன் கண்ணாடியில் எட்டுக்கை அம்மன் துணை. பின்னால் பிள்ளைகள் பெயர். எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், திருஷ்டி பொம்மை.

இதுவரை தப்பில்லை. சரக்கு நசுங்காமல் வரும். மழையில் நனையாது. முதலாளிக்கும் மனசு நிறையும்.

ஆபத்து அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது.

"இன்னும் நாலு தார்"

லோடு ஏற்றும் இடத்தில் பேரம் வழக்கமாக இப்படித்தான் போகும்.

"ஏனுங்கண்ணா, இன்னும் நாலு தார் ஏத்திக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க. இப்பவே வண்டி உக்காந்துடுச்சு."

"அதுக்கு இன்னொரு வண்டி புடிச்சா வாடகைக்கே சரியாப் போயிருமுங்க. பாத்து ஏத்துங்கண்ணா."

இரண்டு பேரும் கெட்டவர்கள் அல்ல. விவசாயிக்கு இன்னொரு நடை வாடகை கொடுத்தால் பழத்தில் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. வண்டிக்காரருக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். இந்த நெருக்கடியில்தான் வண்டி பட்டறைக்குத் திரும்பிப் போகிறது.

அடைப்பை இன்னும் இரண்டடி உயர்த்து. பின்னால் இன்னும் இரண்டு பட்டை சேர். வண்டி உட்காராது.

உட்காராதுதான். நிற்குமா?

பட்டை செய்யும் மோசம்

பலருக்குத் தெரியாத விஷயம் இங்கே இருக்கிறது.

இந்தக் காலத்துப் பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சுக்கு மேலே ஒரு சின்ன வால்வு உண்டு. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அது பார்க்கும். அதிகம் தாழ்ந்திருந்தால் 'பாரம் கூட' என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். தாழவில்லை என்றால் 'காலி வண்டி' என்று நினைத்துக் குறைத்துவிடும். காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பட்டை சேர்த்தால் என்ன ஆகும்? பாரம் இரண்டு டன் ஏறினாலும் வண்டி தாழாது. வால்வு ஏமாந்து போகும். முழு லோடு வண்டிக்குக் காலி வண்டியின் பின் பிரேக்தான் கிடைக்கும்!

பாரத்தைக் கூட்டி, பிரேக்கைக் குறைத்த கதை. வேலை எல்லாம் முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. அடைப்பை உயர்த்தியதால் பாரமும் மேலே போய்விட்டது. வளைவில் வண்டி சாயத் தயாராக இருக்கும்.

கொல்லிப்பாவை சிரித்துக்கொண்டே உயிரை வாங்குவாள் என்று பழங்கதை உண்டு. பட்டறையில் இருந்து நிமிர்ந்து வரும் இந்த வண்டியும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஏழெட்டுக் குடம் வெந்நீர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழத்தோடு சேர்த்து 3 டன் எடையுள்ள வண்டி, 900 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது பிறக்கும் சூடு, சுமார் 90 லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஏழெட்டுக் குடம்!

இந்தச் சூட்டில் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் சின்ன கியர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால், சூடு முழுவதும் பிரேக்கில் இறங்கும். லைனர் தீய்ந்து வாடை வரும். பிரேக் ஆயில் பழையதாக, தண்ணீர் கலந்ததாக இருந்தால் கொதித்து ஆவியாகும். பிறகு பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும். வண்டி நிற்காது.

அரை டன் கூடுதலாக ஏற்றினால், ஒரு குடத்துக்கு மேல் வெந்நீர் கூடுதல். நாலு தாரின் உண்மையான வாடகை அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெறும் சேசிசை வாங்கி, விதிப்படி பாடி கட்டி, அதையே ஆர்.சி. புத்தகத்தில் பதிவது ஒன்று. பதிந்த பிறகு வண்டியை மாற்றுவது வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, கம்பெனியின் அசல் அமைப்பை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. கேரளாவில் இருந்து போன வழக்கு அது.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஓவர்லோடுக்கு 20 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம். கூடுதல் பாரத்தையும் இறக்கி வைக்க வேண்டும்.

முன்னால் பூட்டும் கனமான இரும்பு கார்டையும் மத்திய அரசு 2017 டிசம்பரில் கூடாது என்று சொல்லிவிட்டது. காதைப் பிளக்கும் ஏர் ஹாரனுக்கும் அனுமதி இல்லை.

லோடு மேலே ஆள்

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சந்தை முடிந்து பஸ் போய்விட்டால், "அண்ணா, செம்மேடு வரைக்கும்" என்று கை காட்டுவார்கள். முகம் தெரிந்தவர்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. மூட்டை மேலே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு நேரும் விபத்துக்கு இன்சூரன்சு கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரர் விஷயம் வேறு. மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால், நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில். அவர் வண்டியை விற்றாலும் அது தீராது. போன உயிரும் வராது.

எதற்குச் செலவு செய்யலாம்?

வண்டியை மலைக்கு ஏற்ற மாதிரி ஆக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி.

நல்ல லைனர். குறித்த காலத்தில் மாற்றிய பிரேக் ஆயில். தேயாத டயர். பனிக்கு ஏற்ற மஞ்சள் விளக்கு. பின்னால் பளிச்சென்று மின்னும் ஸ்டிக்கர். கிழியாத தார்ப்பாய், உறுதியான கயிறு. பழம் நசுங்காமல் இருக்கக் கீழே வைக்கோல். இவற்றுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பயப்பட வேண்டியதில்லை, 70 வளைவிலும் பயப்பட வேண்டியதில்லை.

நசுங்காமல் இறங்கும் பழத்துக்குச் சந்தையில் விலையும் கூட. ஓவர்லோடில் அடியில் கிடந்து நசுங்கிய பழத்தை யாரும் தொடுவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், "நாலு தார்" லாபத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

மலை ஓட்டிப் பழுத்த டிரைவர்களிடம் இரண்டு பாடம் உண்டு. ஏறி வருகிறவனுக்கு வழிவிடு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு.

முதல் பாடம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, ஏழெட்டுக் குடம் வெந்நீர்க் கணக்கைப் படிக்காமலே தெரிந்துகொண்டது.

இந்த இரண்டையும் கடைப்பிடித்து, பழைய பட்டையோடு, அளவான பாரத்தோடு ஒரு வண்டி தினமும் காரவள்ளியில் வந்து நிற்கிறது என்றால், அந்த டிரைவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். பஸ் ஸ்டாண்டு வாசலில் அன்னாசித் துண்டும் தவறாமல் வந்து சேரும்.