சிரட்டையில் ஒரு விருந்து



எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியும் பேரனும், அம்மரத்தடியில் பறவைகளுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அந்த விருந்தில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

பறவைக்கு உணவிடுதல் நமக்குப் புதிய வழக்கம் அன்று. காக்கைக்குச் சோறு வைத்த பின்னரே தாம் உண்ணும் பெரியோர் பலரை நான் அறிவேன். அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி, குருவிகள் கொத்தித் தின்னட்டும் என்று வீட்டு முகப்பில் தொங்கவிடுவார்கள். குறுந்தொகையின் 46-ஆம் பாட்டு, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, புழுதியில் குடைந்தாடி, வீட்டின் இறப்பிலே குஞ்சுகளோடு தங்கும் குருவியைக் காட்டுகிறது. மனிதன் வீட்டைத் தன் வீடாகக் கொண்ட அப்பறவையோடு நமக்குள்ள உறவு அவ்வளவு பழையது.

ஆயினும் அன்பு இருந்தால் மட்டும் போதாது; அறிவும் வேண்டும். முதல் நாள் குழந்தைகள் வைத்த விருந்து என்ன தெரியுமா? ஒரு தட்டில் காராபூந்தி. ஒரு கிண்ணத்தில் பால். அவர்கள் தமக்கு இனிப்பானதைப் பறவைக்கும் கொடுத்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் சிட்டுக்குருவியின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். நம் நாவுக்குச் சுவையூட்டும் உப்பு அச்சிற்றுடலுக்குப் பெருஞ்சுமை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலும் பறவைகளுக்கு இல்லை. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையோ நஞ்சு. பச்சரிசி பறவையின் வயிற்றில் ஊதி அதைக் கொன்றுவிடும் என்று சிலர் அஞ்சுவர். அது வெறும் கட்டுக்கதை.

மறுநாள் மூவரும் சேர்ந்து முறையாகத் தொடங்கினோம். கேழ்வரகு மாவை உப்பிடாமல் களியாகக் கிளறி ஆறவைத்தோம். கம்பு இரண்டு பங்கு, தினை ஒரு பங்கு, நொய்யரிசி ஒரு பங்கு எடுத்து அக்களியோடு பிசைந்தோம். தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பில் மூன்று துளைகளை நான் இட்டுக் கொடுக்க, பேத்தி கயிறு கோத்தாள். பேரன் மாவை அழுத்தி நிரப்பினான். பூனை தாவ இயலாத உயரத்தில், மதிலுக்கு எட்டாத கிளையில் அதனைக் கட்டினோம். வேறொரு சிரட்டையில் கனிந்த வாழைப்பழத்தையும் பப்பாளித் துண்டையும் வைத்தோம். அது கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும். அணிலும் பங்கு கேட்டது, கொடுத்தோம்.

நம் நாட்டு வெயிலில் களியும் பழமும் விரைவில் புளித்துவிடும். ஆதலால் ஒரு நாளைக்கு வேண்டிய அளவே செய்து, மாலையில் மிச்சத்தை அகற்றி, சிரட்டையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். எச்சம் படிந்த கலத்தின் வழியே ஒரு பறவையின் நோய் மற்றொன்றுக்குப் பரவும். தண்ணீரை ஆழமற்ற மண்தட்டில் இரண்டு விரற்கடை அளவே ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் மாற்றுங்கள்.

பத்து நாளில் குருவிகள் பழகிவிட்டன. திண்ணைச் சுவரின் பொந்தில் ஓர் இணை கூடும் கட்டியது. குஞ்சுகளின் குரல் கேட்கத் தொடங்கிய ஒரு நாள், பேரன் என்னிடம் ஓடிவந்தான். “தாத்தா, சிரட்டை நிறையத் தானியம் இருக்கிறது. தாய்க்குருவி அதை விட்டுவிட்டுக் கத்தரிப் பாத்திக்கே போகிறதே, ஏன்?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியும். சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவையேயாயினும், குஞ்சு பொரித்த முதல் நாட்களில் அதற்குப் புழுக்களையும் சிறு பூச்சிகளையுமே ஊட்டும். வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் அவற்றில்தான் உண்டு. விடை தெரிந்தும் என் நா எழவில்லை. முந்திய மாலைதான் அப்பாத்திக்குப் பூச்சிமருந்து தெளித்திருந்தேன். ஒரு கையால் விருந்து வைத்து, மறு கையால் நஞ்சிட்டிருந்தேன். மூன்றாம் நாள் கூட்டில் ஓசை அடங்கிவிட்டது. மருந்துதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அன்று என்று சொல்லவும் மனம் துணியவில்லை. பேரனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மருந்துப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தான்.

தானியத்தைத் தின்கிறது என்று மட்டும் கண்டு, பூச்சியைத் தின்பதைக் காணாத பிழையை ஒரு நாடே செய்ததுண்டு. 1958-இல் சீனத்தில் சிட்டுக்குருவியைப் பகையென்று கருதிக் கூட்டங்கூட்டமாக அழித்தார்கள். பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960-இல் அழிக்க வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

மாணவர்களே, 2010 முதல் மார்ச் 20-ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஒரு சிரட்டையைக் கட்டுங்கள், நல்லதுதான். ஆனால் சிரட்டை பறவையை நம் அருகே அழைக்குமேயன்றி, அதன் குலத்தை வாழவைக்காது. கூடு கட்ட ஒரு பொந்து, ஒளிந்துகொள்ள ஒரு புதர், மருந்து படாத நாலு செடி ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விருந்து நிறைவு பெறும்.

இப்போது எங்கள் கத்தரிச் செடிகளுக்குச் சாம்பல் தூவுகிறோம். பெரிய புழுக்களைக் கையால் எடுக்கிறோம். காய் சற்றுக் குறைந்துதான் போயிற்று. திண்ணைப் பொந்தில் மீண்டும் வைக்கோல் தெரிகிறது. பேரன் வாரந்தோறும் கடிதம் எழுதுகிறான். முதல் வரியிலேயே குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்கிறான்.