ஒரு மணி நேரம் போதும் (தொடர் – 9)

காவிரிப் படுகையில் நடவு நேரத்தில் ஆள் கிடைக்காமல் அலைவார்கள். அன்று ஓய்வில்லாமல் நாற்று நட்ட கூலிப் பெண், கோடையில் வேலைக்குக் கூப்பிட ஆளின்றி வாரக்கணக்கில் வீட்டில் இருப்பார். வைகாசியில் கணக்கெடுப்பாளர் வந்து விசாரித்தால், அவரை வேலை உள்ளவர் என்று எழுதுவதா, இல்லாதவர் என்றா?

இரண்டு விதமாகவும் எழுதுகிறது இந்தியா.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒரே ஆளை இரண்டு அளவுகோல்களால் அளக்கிறது. முதலாவது, கடந்த 365 நாட்களைப் பார்ப்பது. ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடியே போயிருந்தாலும், இடையில் 30 நாள் உழைத்திருந்தால் அவர் வேலை உள்ளவர். இரண்டாவது, கடந்த 7 நாட்களை மட்டும் பார்ப்பது. ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். அதுவும் கிடைக்காமல், ஆனால் வேலைக்குத் தயாராக இருந்தவரே வேலையற்றவர். 2023-24இல் வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம் என்றது ஆண்டுக் கணக்கு. வாரக் கணக்கு 4.9 என்றது. வைகாசியில் சும்மா இருந்த அந்தப் பெண் முதல் எண்ணில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறார்.

மூன்றாவதாக ஓர் அளவுகோலும் இருந்தது. ஒவ்வொரு நாளையும் அரை நாட்களாகப் பிரித்து எண்ணுவது. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வேலை கிடைத்தவரின் மீதி நாட்கள் அதில்தான் தெரிந்தன. 2017இல் புதிய கணக்கெடுப்பு வந்தபின் அந்த எண் வெளியாவதில்லை. அன்றாடங்காய்ச்சியின் நிலையை மற்ற இரண்டையும்விட நெருக்கமாகக் காட்டிய எண் அது, இழப்பு பெரியது. இந்தியத் தொழிலாளர்கள் பல தரப்பட்டவர்கள், எல்லோரையும் ஒற்றை எண்ணில் அடைக்கக் கூடாது என்று வேலையின்மைக் கணக்கீடுகளை ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970இலேயே எச்சரித்திருந்தது.

வேலையின்மையும் ஒரே வகை அல்ல. கோடையில் சும்மா இருப்பது பருவகால வேலையின்மை. மூன்று பேர் பார்க்கும் வயலில் ஐந்து பேர் நிற்பது மறைமுக வேலையின்மை. கணக்கில் அந்த ஐவரும் வேலை உள்ளவர்களே. தொழில் மந்தத்தால் வருவது சுழற்சி வேலையின்மை. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரை அது வீட்டுக்கு அனுப்பியது.

நம் நாட்டில் அதிகம் கவலை தருவது படிப்புக்கும் வேலைக்கும் பொருந்தாத கட்டமைப்பு வேலையின்மை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024ஆம் ஆண்டு இந்திய அறிக்கைப்படி, 2022இல் பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் அது வெறும் 3.4. படிக்காதவருக்கு நல்ல வேலை குவிந்திருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. கிடைத்ததைச் செய்யாவிட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்காது; தகுந்த வேலைக்காகக் காத்திருக்க அவரால் முடியாது. ஏழை நாடுகளில் வேலையின்மை விகிதம் பல நேரம் குறைவாகத் தெரிவது இதனால்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேரே தொழிலாளர் கணக்கில் இருந்தார்கள், 2023-24இல் 41.7. அதே காலத்தில் வேலை செய்வோரில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு 52.2இலிருந்து 58.4 ஆனது. குடும்பத்தின் வயலிலும் கடையிலும் சம்பளமில்லாமல் உழைப்பவர்களும் இதில் அடக்கம். இவர்கள் வேலை உள்ளவர்கள் பக்கம் சேரச் சேர, வேலையின்மை விகிதம் இறங்குகிறது. கைக்கு ஒரு ரூபாய் வராத உழைப்பும் மாதச் சம்பளமும் அந்த விகிதத்துக்கு ஒன்றுதான்.

(தொடரும்)