பூனைக்குப் பெயர் வைப்பது எப்படி?



போன மாதம் இதே சுவரில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் நாய் வளர்ப்பது பற்றி எழுதியிருந்தான். எல்லாரும் நின்று படித்தீர்கள். பூனையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கடலை மூட்டை அடுக்கி வைத்திருப்போம். அதனால் எலித்தொல்லை அதிகம். ஐப்பசி மழையில் எங்கிருந்தோ ஒரு தாய்ப்பூனை வந்து, மாட்டுக் கொட்டகை வைக்கோல் மேல் மூன்று குட்டி போட்டது. ஒன்றை அத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி ரெண்டு. ஒன்று வெள்ளை, கறுப்பு, செவலை என்று மூன்று கலர் கலந்தது. இன்னொன்று சுத்த வெள்ளை, கண் மட்டும் நீலம்.

அம்மா அப்பவே சொல்லிவிட்டார்கள். “ரெண்டுக்கும் பேர் கீர் வச்சிராதீங்க. பேர் வச்சா அப்புறம் விட மனசு வராது. எலி பிடிக்க ஒண்ணு போதும்.”

‘விடுவது’ என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். சாக்கில் போட்டு, வழி தெரியாமல் இருக்க ரெண்டு சுற்று சுற்றி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் அவிழ்த்துவிட்டு வருவது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே என் தம்பி மூன்று கலர் குட்டிக்கு ‘வீரா’ என்று பெயர் வைத்துவிட்டான். பார்க்க முரட்டுப்பயலாக இருக்கிறானாம். மறுநாள் அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டார்கள். “மூணு கலர் இருந்தா அது பொண்ணும்மா” என்றார்கள்.

அது எப்படி என்றால், பூனைக்குச் செவலை நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு ஒரு எக்ஸ்தான். அதனால் அது ஒன்று செவலையாக இருக்கும், இல்லாவிட்டால் செவலை இல்லாமல் இருக்கும். பெண் பூனைக்கு ரெண்டு எக்ஸ். ஒன்றில் செவலையும் இன்னொன்றில் கறுப்பும் இருந்தால் உடம்பில் சில இடம் இது, சில இடம் அது என்று கலந்து வரும். வெள்ளை வேறு மரபணுவால் வருகிறது. மூன்று கலரில் ஆண் பூனை ஆயிரக்கணக்கில் ஒன்று பிறந்தால் அதிசயம். அந்தச் செவலை மரபணு எது என்பதையே 2025-ல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். குரோமோசோம் புரியாதவர்கள் பத்தாம் வகுப்பு அக்காமாரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஆகவே வீரா ‘வீராயி’ ஆனாள். அதுவும் ஒரு நாள்தான். அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டது. “எங்க அக்கா பேருடி அது! அடுப்படியில நின்னுக்கிட்டு ‘ஏய் வீராயி, பானையில வாய வைக்காத’ன்னு கத்துறீங்க. அவ காதுல விழுந்தா என்ன நினைப்பா?”

நியாயம்தான். பூனைக்கு மனுசர் பெயர் வைப்பவர்கள் முதலில் தெருவில் உள்ள எல்லார் பெயரையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கவும். எங்கள் பக்கத்துத் தெருவில் பூனைப் பெயரால் ரெண்டு குடும்பம் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். அது யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

கடைசியில் முன்னால் இருந்த ‘வீ’யை எடுத்துவிட்டு ‘ராயி’ என்று ஆக்கினோம். சின்னதாகவும் ஆகிவிட்டது. பூனைப் பெயர் ரெண்டு மூன்று எழுத்தில் இருப்பதே நல்லது. ‘ராஜராஜேஸ்வரி’ என்று வைத்தாலும் ஒரு வாரத்தில் ‘ராஜி’ என்றுதான் கூப்பிடப்போகிறோம். அதை முதலிலேயே வைத்துவிட்டால் பூனைக்குக் குழப்பம் இல்லை.

சரி, பூனைக்குத் தன் பெயர் தெரியுமா? கூப்பிட்டால் வருவதில்லையே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டீச்சர் செல்போனில் தேடிப் படித்துக் காட்டினார்கள். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற பெண் விஞ்ஞானி இதைச் சோதித்து 2019-ல் எழுதியிருக்கிறார். மொத்தம் 78 பூனைகள். பெயரைப் போலவே அளவும் ஓசையும் உள்ள நாலு வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார்கள். பூனை முதலில் காதைத் திருப்பும், அப்புறம் ‘இது சும்மா’ என்று சலித்துப்போய்ப் படுத்துவிடும். ஐந்தாவதாக அதன் பெயரைச் சொல்வார்கள். உடனே நிறையப் பூனைகள் காதையோ தலையையோ மறுபடி திருப்பின. முன்னேபின்னே தெரியாதவர் கூப்பிட்டபோதும் திருப்பின. ஆக பூனைக்குப் பெயர் தெரிகிறது. எழுந்து வருவதா வேண்டாமா என்பது அதன் இஷ்டம். நம் வகுப்பில் கடைசி பெஞ்சும் அப்படித்தான்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு விசயமும் இருக்கிறது. ஜப்பானில் பூனைகளோடு உட்கார்ந்து டீ குடிக்கிற கடைகள் உண்டு. அங்கே ஒரே இடத்தில் நிறையப் பூனைகள் இருக்கும். அந்தக் கடைப் பூனைகள் தன் பெயரையும் கூட இருக்கிற பூனையின் பெயரையும் பிரித்துத் தெரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அங்கே வருகிறவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் எல்லாவற்றையும் தடவிக் கொடுப்பார்கள் போல. பிறகு எதற்குப் பிரித்துத் தெரிய வேண்டும்? ஆகவே ரெண்டு பூனை இருக்கிற வீட்டில் ‘மீனு, சீனு’ என்று ஒரே மாதிரி வைக்காதீர்கள். நமக்குப் பாட்டு மாதிரி நன்றாக இருக்கும். அதற்கு ஒன்றும் விளங்காது.

பூனையின் காது நம் காது மாதிரி இல்லை. மனிதனுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். எலி நமக்குக் கேட்காத கீச்சுக்குரலில் பேசிக்கொள்ளும், அது பூனைக்குக் கேட்கும். அதனால்தானோ என்னவோ அப்பத்தா கீச்சென்று ‘பூஸ் பூஸ்’ என்றால் ஓடி வருகிற பூனை, அப்பா அடித்தொண்டையில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் ‘ஸ்ஸ்’ என்று நீட்டும் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. பூனையே பகைக்குச் சீறும்போது அந்தச் சத்தம்தான் போடும்.

எந்தப் பெயர் வைத்தாலும் அது பதிய வேண்டும் என்றால் அந்தப் பெயரோடு நல்லது ஏதாவது நடக்க வேண்டும். பெயரைச் சொல்லி மீன்தலை போட வேண்டும், தடவிக் கொடுக்க வேண்டும். பெயரைச் சொல்லித் துடைப்பத்தை எறிந்தால் ‘ராயி’ என்றாலே ஓட வேண்டும் என்றுதான் அது படிக்கும். எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் ராயி என்கிறேன், தம்பி இன்னும் வீரா என்கிறான், அப்பத்தா பூசி என்கிறது, பால் சிந்திய அன்றைக்கு அம்மா ‘சனியனே’ என்கிறார்கள். உள்ளபடி சொன்னால் மீன்காரர் வண்டி ஹாரன்தான் இப்போது அதன் பெயர். அதற்கு மட்டும் கூரையிலிருந்து குதித்து வருகிறது. நீங்களாவது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே பெயராக வையுங்கள்.

அப்பத்தா சொல்லும் பூசியைப் பற்றித் தமிழ் ஐயாவிடம் சொன்னபோது ஐயா சந்தோசப்பட்டார்கள். பூனைக்குப் பழைய தமிழில் ‘பூசை’ என்றே பெயராம். கம்பர் தன் ராமாயணத்து அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்டுப் போன பூசையைத்தான் தனக்கு உவமையாகச் சொல்கிறார். காட்டுப்பூனைக்கு ‘வெருகு’ என்று பெயர். அதன் பிள்ளையைக் ‘குட்டி’ என்று சொல்லலாம் என்று தொல்காப்பியம் மரபியலில் இருக்கிறது. எகிப்தில் அந்தக் காலத்தில் பூனையை அது கத்துகிற மாதிரியே ‘மியு’ என்று அழைத்தார்களாம். அவர்கள் ரொம்ப யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

லட்டு, ஜிலேபி என்று வைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை அறிகிற மரபணு அதற்கு வேலை செய்யவில்லை என்று 2005-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் தப்பில்லை. லட்டை மட்டும் ஊட்டாதீர்கள்.

இப்போது வெள்ளைக்குட்டிக்கு வருகிறேன்.

அம்மா சொன்னபடி அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் ‘இந்தா, வா’ என்று கூப்பிடுவேன். திரும்பாது. ராயி காதையாவது அசைப்பாள், இது அதுவும் இல்லை. ரொம்பத் திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் அது தூங்கும்போது பரணிலிருந்து எவர்சில்வர் அண்டா விழுந்தது. ராயி ஒரே தாவில் வாசலுக்குப் போய்விட்டாள். வெள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அது திண்ணையில் படுத்திருந்ததால் தரையின் அதிர்ச்சியும் அதற்குப் போகவில்லை.

டீச்சரிடம் ஓடினேன். வெள்ளைப் பூனைக்குக் கண்ணும் நீலமாக இருந்தால் அது செவிடாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். அப்படிப்பட்ட பூனைகளில் பாதிக்கு மேல் செவிடாம். டார்வின் 1859-ல் எழுதிய புத்தகத்திலேயே நீலக்கண் பூனையின் செவிட்டைக் குறிப்பிட்டிருக்கிறாராம். நிறம் தருகிற செல்கள் தோலுக்கு மட்டும் இல்லை, உள்காதுக்கும் வேண்டும். வெள்ளை மரபணு அந்தச் செல்களைப் போகவிடாமல் செய்துவிட்டால் பிறந்த கொஞ்ச நாளிலேயே உள்காது கெட்டுவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். எல்லாப் பூனைக்குட்டிக்கும் முதலில் கண் நீலமாகத்தான் இருக்கும். ஒன்றரை மாதத்துக்கு அப்புறம்தான் சொந்த நிறம் வரும். அதனால் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. நான் காத்திருந்தேன். இப்போது மூன்று மாதம் ஆகிறது. கண் நீலமாகவே இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். டாக்டர் பின்னால் நின்று சாவியைக் குலுக்கினார், கை தட்டினார். “காது கேக்கல பாப்பா. வேற குறை ஒண்ணும் இல்ல, நல்லா வளரும். வெளியில மட்டும் விட்றாத” என்றார்.

வெளியில் விட்டால் நாய் பின்னால் வருவது தெரியாது. லாரி வருவது தெரியாது. கண்மாய்க்கு அந்தப் பக்கம்தான் மெயின் ரோடு.

பெயர் வைத்தால் விட மனசு வராது என்று அம்மா சொன்னது பெரிய விஞ்ஞானிகளுக்கும் தெரிந்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் ஒரு பூனையை ராக்கெட்டில் அனுப்பினார்கள். 1963 அக்டோபர் 18. போவதற்கு முன்னால் அதற்குப் பெயரே இல்லை, சி 341 என்று நம்பர்தான். பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று வேண்டுமென்றே வைக்கவில்லை. அது உயிரோடு திரும்பி வந்தது. பத்திரிகைக்காரர்கள் ஃபெலிக்ஸ் என்று எழுதினார்கள். அது ஆண் பெயர். (என் தம்பி மாதிரியே!) அப்புறம் பெண் என்பதால் ஃபெலிசெட் என்று மாற்றினார்கள். ஆனால் ரெண்டு மூன்று மாதத்தில் அதன் மூளையைப் பரிசோதிப்பதற்காகக் கொன்றுவிட்டார்கள். 2019-ல்தான் அதற்குச் சிலை வைத்தார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “அரைப் பரீட்சை முடியட்டும், பாப்போம்”னு சொன்னது, இப்போ “பொங்கல் போகட்டும்” என்று ஆகியிருக்கிறது. சாக்கு மட்டும் இன்னும் கொட்டகையில் தொங்குகிறது. அம்மா ஒன்று செய்கிறார்கள். சோறு போடும்போது தரையில் உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுகிறார்கள். தரை அதிர்வது காலில் தெரிந்து வெள்ளை ஓடி வருகிறது. காதால் கேட்காவிட்டாலும் அதற்கு அதுதான் கூப்பிடுகிற சத்தம். நேற்று அம்மாவே, “இதை என்னான்னுதான் சொல்றது? வெள்ளை வெள்ளைன்னா நல்லாவா இருக்கு?” என்று கேட்டார்கள்.

இதுதான் நான் முதலில் சொன்ன காரியம். வெள்ளைக்குட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். பெண் குட்டி. மேலே நான் எழுதிய காது விசயம் எதையும் இதற்குப் பார்க்க வேண்டாம். இந்தப் பெயர் அதற்குக் கேட்கப்போவதில்லை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் கேட்கும். அதனால் அம்மா வாயில் சுலபமாக வர வேண்டும். அப்பா ஒருதடவை சொன்னால் மறுபடி சொல்லத் தோன்ற வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் இருக்கக்கூடாது. வீராயி வேண்டவே வேண்டாம்.

துண்டுச் சீட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஜன்னலில் இருக்கிற காலி சாக்பீஸ் டப்பாவில் போடவும். ஆசிரியர்களும் போடலாம். வெள்ளிக்கிழமைக்குள் போட்டால் நல்லது. சனிக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி